யாரு மகன் பந்தலியோன்?

வலம்புரித்துறை அடைக்கல மாதா கோயிலில், ஐப்பசி மழையில் நனைந்துபோன பழைய ஞானஸ்நானப் புத்தகங்களைப் பங்குச்சாமியார் கிளாரன்ஸ் முற்றத்தில் பாய் விரித்துக் காயப்போட்ட அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில்தான், மீன் ஏலம் முடிந்து கூடையும் கையுமாக அந்த வழியே வந்த கசிந்தா, காற்றுக்குப் புரண்ட ஒரு தாளைப் பறந்துவிடாமல் விரலால் அமுக்க, விரலுக்கு அடியிலிருந்து ஒரு பச்சைப்பிள்ளை வீல் என்று அழுதது.

கசிந்தா பயப்படவில்லை. ஆறு பெற்றவள், அழுகிற பிள்ளையைக் கண்டு பயப்பட அவளுக்கு என்றைக்கு நேரம் இருந்தது? கூடையை இறக்கிவிட்டு, அரிசி மூட்டை கனம் கனத்த அந்தப் புத்தகத்தை அப்படியே தூக்கித் தோளில் சாய்த்து, முதுகில் தட்டித் தட்டி, "யாரு மகன்ல நீ, ஏன் அழுத, யாரு மகன்?" என்று எங்கள் கரையில் எந்தப் பிள்ளையைக் கண்டாலும் கேட்பது போலவே கேட்டாள். சத்தம் கேட்டு ஓடிவந்த உபதேசியார் ரெமிஜி, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, அவள் விரல் பட்ட வரியின் லத்தீனைத் தமிழாக்கி, "அருளப்பன் மகன் லியோன், ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொண்ணு" என்று வாசித்தார். வாசித்த மாத்திரத்தில் பிள்ளை ஒரு விக்கல் விக்கி அடங்கிப்போனது. "அட, எங்க பூட்டன்லா!" என்று கசிந்தா போட்ட கூச்சலில்தான் ஊர் திரண்டது.

உச்சிவேளைக்குள் ஊருக்கு விவரம் பிடிபட்டுவிட்டது. யார் வம்ச வழியில் வந்தோமோ அவர் பேரில் நம் விரல் பட்டால் மட்டும் அந்தப் பேர் அழும்; அடுத்தவர் விரலுக்கு வாயே திறக்காது; தன் பேரிலேயே தான் விரல் வைத்தாலும் அழும்; அழுத பிள்ளை கிலுகிலுப்பைக்கு அடங்காது, சர்க்கரைத் தண்ணீருக்கு அடங்காது, இன்னார் பிள்ளை இன்னார் என்று பெற்றவர் பேரைச் சேர்த்துச் சொன்னால் மட்டும் அடங்கும். ஏன் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. கடல் ஒருநாள் வலை கிழியக் கொடுக்கிறது, மறுநாள் ஒரு சாளைகூடக் கொடுக்க மாட்டேன் என்கிறது, அதைப் போய் யார் ஏன் என்று கேட்டார்கள். சாயங்காலத்துக்குள் கோயில் வாசலில் இருநூறு ஜோடிச் செருப்பு கிடந்தது.

அப்புறம் ஊர் ஊராகவா இருந்தது! எள் போட்டால் எள் விழாத கூட்டம். கட்டுமரத்தைத் தனியாளாய்த் தூக்குகிற முரட்டு மனிதர்கள் எல்லாம், தங்கள் தாத்தனுக்குத் தாத்தனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆராரோ பாடினார்கள். எழுபது வயது எலிசபெத்து டீச்சர் தன் பேரிலேயே விரலை வைத்து, தான் பிறந்த அழுகையைத் தானே கேட்டு, "இப்பிடியா கத்தியிருக்கேன், வெக்கக்கேடு" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். வேலி தகராறில் இருபது வருசமாய் முகம் பாராமல் இருந்த இரண்டு வீட்டார், ஒரே பேர் இரண்டு வீட்டு விரலுக்கும் அழுததைக் கண்ட பிறகு, அந்தப் பிள்ளையை யார் அமர்த்துவது என்பதில் புதிதாகச் சண்டை பிடித்தார்கள். கொழும்பிலிருந்து வந்தார்கள், கனடாவிலிருந்து வந்தார்கள், போனில் படம் காட்டினால் அழாது, விரல்தான் படவேண்டும் என்றதும் விமானம் ஏறி வந்தார்கள். பிஷப் இல்லத்து ஆவணக் காப்பகத்திலிருந்து வந்த ஆராய்ச்சிக்காரர் ஒருவர், பழைய தாளைத் தொடுவதற்கு முறை உண்டு என்று எல்லாருக்கும் வெள்ளைக் கையுறை கொடுத்தார். கையுறை போட்ட விரலுக்கு ஒரு பிள்ளையும் அழவில்லை. மறுநாளே கையுறைகள் பலசரக்குக் கடையில் கருவாடு எடுத்துக் கொடுக்கப் பயன்பட்டன. மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது, அழுகை லத்தீனிலா தமிழிலா என்று விளக்கம் கேட்டு. "பசியில அழுதாப்புல இருக்கு" என்று பதில் எழுதினார் கிளாரன்ஸ் சாமி, அவர் நேர்மையான மனிதர்.

இந்தக் கூட்டத்துக்கு ஒழுங்கு உண்டாக்கியவள் ரேஷன் கடை தெக்லா. ஐம்பத்திரண்டு வயது, தடித்த குரல், வரிசையில் முண்டியடித்தவனைப் பார்வையாலேயே கடைசிக்கு அனுப்புகிறவள். தீபாவளி சர்க்கரைக்கு வரும் கூட்டத்தைச் சமாளித்தவளுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்? டோக்கன் கிழித்தாள். வீட்டுக்கு ஆறு விரல் என்று அளவு வைத்தாள். பூசை நேரத்தில் தொடக்கூடாது, ஈரக்கையோடு தொடக்கூடாது, தொட்ட பிள்ளையை அமர்த்தாமல் போகக்கூடாது என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டாள். எல்லாருக்கும் டோக்கன் கொடுத்தவள் தனக்கு ஒன்று எடுத்துக்கொள்ளவில்லை. ஏன் என்று ஊருக்குத் தெரியும், ஊர் கேட்கவும் இல்லை.

தெக்லாவின் தகப்பன் பந்தலியோன், எண்பத்தொரு வயதுக்காரர், கோயில் படியில் கிடந்து எடுத்த பிள்ளை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்துமூன்று ஜூலை இருபத்தேழு, காலைப் பூசைக்குக் கதவு திறந்த சாமியாரின் காலில் தட்டுப்பட்டது இந்தப் பிள்ளை. அன்றைக்குப் பந்தலியோன் என்கிற புனிதருக்குத் திருநாள், அந்தப் பேரையே வைத்தார். எங்கள் கரையில் மூத்தவனுக்குத் தகப்பனைப் பெற்றவர் பேர், அடுத்தவனுக்குத் தாயைப் பெற்றவர் பேர். அதனால் முந்நூறு வருசமாய் அதே இருபது பேர்தான் சுற்றிச் சுற்றி வரும். பந்தலியோன் என்று அவருக்கு முன்னாலும் ஆள் இல்லை, பின்னாலும் இல்லை. காலில்லாத பந்தல் என்று பிள்ளைகள் கேலி பேசின. சப்பரம் தூக்க வம்ச வரிசைப்படி பேர் வாசிக்கும்போது அவர் பேரை வாசிக்க இடம் இருக்காது. ஊர்த்தலைவர் மச்சாது வீட்டுப் பெண் ஒருத்தி பெற்றுப் போட்டுவிட்டாள் என்று ஒரு வதந்தி வேறு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவர் யாரோடும் மல்லுக்கு நிற்கவில்லை. அடுத்தவர் படகில் கூலிக்குப் போனார், கன்னியர் மடத்தில் வளர்ந்த பெண்ணைக் கட்டினார், ஒரே மகளைப் படிக்கவைத்தார், மனைவியை அடக்கம் செய்தார், எல்லாவற்றையும் சத்தமில்லாமல் செய்தார்.

அடுத்த வாரத்தில் ஒருநாள் காலையில், தெக்லா டோக்கன் கிழித்துக்கொண்டிருக்கையில், வரிசையின் கடைசியில் ஊன்றுகோலோடு அவர் நின்றார். 

"அப்பா, நீங்க எதுக்கு வந்தீங்க? வீட்டுக்குப் போங்க."

"டோக்கன் குடும்மா."

"அதுல என்ன இருக்கும்னு தெரியும்லா. பெத்தவங்க தெரியலன்னு எழுதியிருக்கும். அதைப் பார்க்கவா வந்தீங்க?"

"எனக்குச் சொத்தா வேணும், இந்த வயசுல சொந்தம் கொண்டாடவா போறேன்," என்றார் பந்தலியோன். "அவ என்னை வேண்டாம்னு போட்டுட்டுப் போனாளா, இல்லையா? அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும் தெக்லா. சாகும்போது அவளை என்னன்னு நினைச்சுக்கிட்டுச் சாவேன், சொல்லு."

ஐம்பத்திரண்டு வருசத்தில் தகப்பன் இதை வாய்விட்டுச் சொல்லி அவள் கேட்டதில்லை. கண்ணில் நீர் முட்டியது. வரிசை என்ன, டோக்கன் என்ன, அவர் கையைப் பிடித்து நேரே மேசைக்குக் கூட்டிப்போனாள். ஒருவரும் முனகவில்லை.

தன் பேரில் அவர் விரல் பட்டதும் அந்தப் பிள்ளை அழுதது பாருங்கள், அதுவரை கேட்ட அழுகையெல்லாம் அழுகையே இல்லை. கோயில் புறாக்கள் கோபுரத்தைவிட்டுக் கிளம்பின. ரெமிஜி உபதேசியார் வாசித்தார், "பந்தலியோன். பெற்றோர் அறியேன்." பிள்ளை அடங்கவில்லை. "மாதா பிள்ளை பந்தலியோன்" என்றார் கிளாரன்ஸ் சாமி. அடங்கவில்லை. "வலம்புரித்துறை ஊர்ப் பிள்ளை பந்தலியோன்" என்று கசிந்தா கண்ணீரோடு சொன்னாள், நல்ல மனசு அவளுக்கு, அதற்கும் அடங்கவில்லை. விரலை எடுத்தார்கள், புத்தகத்தை மூடினார்கள், பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார்கள். பூட்டிய பீரோ அழுதது.

அன்று தொடங்கி ஓயவே இல்லை. பகலும் இரவும் அழுதது. முதல் இரண்டு நாள் ஊர் காதைப் பொத்தியது, மூன்றாம் நாள் பழகிக்கொண்டது. பெண்கள் முறை போட்டுக்கொண்டு வந்து புத்தகத்தை மடியில் வைத்திருந்தார்கள், தெக்லா அதற்கும் ஒரு பட்டியல் எழுதினாள். பால் மறக்கடித்த தாய்மாருக்கு மறுபடி பால் சுரந்தது. ஊரில் ஒரு பிள்ளைகூட மெலிந்து இல்லை. பனிமூட்டத்தில் கரை தெரியாத படகுகள் அழுகையைக் கேட்டுத் துறை பிடித்தன. பள்ளிக்கூடத்தில் சத்தமாய்ப் பாடம் நடத்தி நடத்தி ஆசிரியர்களுக்குத் தொண்டை கட்டியது. பந்தலியோன் மட்டும் தினமும் வந்து, அழுகிற தன்னைப் பார்த்துக்கொண்டு, கையைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தார்.

வழியைக் கண்டது தெக்லாதான். பெற்றவள் பேரும் இதே பீரோவுக்குள் எங்கேயோ இருக்க வேண்டும். அந்தப் பேரில் அப்பா விரல் பட்டால் அது அழும். அழுதால் முடிந்தது வேலை. நாற்பத்துமூன்றில் பிள்ளை பெறும் வயதில் இருந்தவள் என்றால், தொள்ளாயிரத்திலிருந்து முப்பதுக்குள் ஞானஸ்நானம் வாங்கியிருப்பாள். எண்ணிப் பார்த்தார்கள், இரண்டாயிரத்து நூற்றிச் சொச்சம் பெண்பிள்ளைகள். "ஒவ்வொரு பேரா விரல் வச்சாப் போச்சு," என்றாள் தெக்லா. "நான் மாசா மாசம் ஆயிரத்து நானூறு கார்டு பார்க்கேன், இது ஒரு கணக்கா?"

ரேஷன் கடைக்கு அரை நாள் லீவு போட்டாள். மேசைக்கு எதிரே நாற்காலி போட்டுத் தகப்பனை உட்காரவைத்து, ரெமிஜி பேரை வாசிக்க, அவள் தகப்பன் விரலைப் பிடித்து வரியில் வைக்க, சன்னலுக்கு வெளியே ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பேர் அழாதபோது அந்தப் பேருக்குரிய வீட்டார் மூச்சு விடுவார்கள், மற்றவர்கள் உச்சுக்கொட்டுவார்கள், அடுத்த பேர். பரீட்சை முடிவு வாசிக்கிற நாள்கூட அப்படி இருக்காது! வேலைக்குப் போகிறவர்கள் "எத்தனாவது பக்கம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஊர்த்தலைவர் லாரன்ஸ் மச்சாதுக்கு மட்டும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தன் வீட்டுப் பேர் வருகிற அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டு வந்து முதல் ஆளாய் நின்றார். அவருடைய அத்தைமார், பெரியத்தைமார், ஒன்பது பெண்கள். ஒன்பது பேரும் வாய் திறக்கவில்லை. எண்பது வருச வதந்தி அந்த இடத்திலேயே செத்தது. மச்சாது ஆள் அனுப்பி இரண்டு கிலோ அல்வா வாங்கி வரச்சொல்லி எல்லாருக்கும் தன் கையாலேயே கொடுத்தார், பந்தலியோனுக்கு ஒரு துண்டு கூடுதலாக. கொடுத்துவிட்டு மறுநாளே தொனியை மாற்றினார்.

"ஏ தெக்லா, இன்னும் எத்தனை நாளைக்கு இந்த அழுகை? ஊரு தாங்காதும்மா. பிஷப் இல்லத்துல பெரிய காப்பகம் இருக்கு, ஏசி ரூம் இருக்கு, புத்தகத்தையெல்லாம் அங்க அனுப்பிருவோம். வார ஞாயித்துக்கிழமை வேன் வருது."

"உங்க வீட்டுப் பக்கம் முடிஞ்சதும் ஊரு தாங்கலையோ அண்ணாச்சி?" என்றாள் தெக்லா. மச்சாது அதற்காக வேனை நிறுத்தவில்லை.

இனித் தெக்லாவுக்குத் தூக்கம் ஏது. முழு நாளும் லீவு போட்டாள். ஒரு நாளைக்கு முந்நூறு பேர், முந்நூற்றைம்பது பேர். தகப்பனின் விரல் நுனி மைக்கறையாகிக் காய்த்துப்போனது. ஆயிரம் தாண்டியது, ஆயிரத்தைந்நூறு தாண்டியது. அவர் அலுத்துக்கொள்ளவில்லை; விரல் வைக்கும் ஒவ்வொரு பேரையும் மெதுவாய் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார், செலஸ்தீனாள், எஸ்தர், அமலோற்பவம், இவளா, இவளோ, இவளாய் இருக்குமோ என்று. சனிக்கிழமை மத்தியானம் கடைசிப் பேரும் முடிந்தது. ஒன்றும் அழவில்லை. சன்னலுக்கு வெளியே நின்ற கூட்டம் ஒவ்வொருவராய்க் கலைந்தது. பந்தலியோன் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "விடும்மா. அவளே என்னை வேண்டாம்னு போயிட்டா, புத்தகத்துல மட்டும் வந்து நிப்பாளாக்கும்?" என்றார். தெக்லாவுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வேன் வந்துவிட்டது. கோயில் ஆபீஸில் மச்சாதும் நாலு பேரும் புத்தகங்களை எடுத்து அட்டைப்பெட்டியில் அடுக்கினார்கள். கசிந்தா மடியில் நாற்பத்துமூன்றாம் வருசத்துப் புத்தகம் இன்னும் அழுதுகொண்டிருந்தது. காலியாகிக்கொண்டு வந்த பீரோவைப் பார்த்தபடி நின்ற தெக்லா, எதையோ நினைத்தவளாய்த் திரும்பினாள்.

"உபதேசியாரே, புதுசா வந்து சேர்றவங்களை எதுல எழுதுவீங்க?"

"என்னது?"

"எங்க கடையில எந்த ரிஜிஸ்டரா இருந்தாலும், பிறந்து சேர்ற பிள்ளைக்கு ஒரு பக்கம், வந்து சேர்ற ஆளுக்கு ஒரு பக்கம் இருக்கும். மருமக வந்தா, மாமியா வந்தா, வேற ஊர்ல இருந்து கார்டு மாத்தி வந்தா. நாம பிறந்த பிள்ளைகளை மட்டும்லா இத்தனை நாளாத் தொட்டோம். வளர்ந்தபிறகு ஞானஸ்நானம் வாங்கினவங்களை எதுல எழுதுவீங்க?"

ரெமிஜி சிரித்துவிட்டார், கூட நின்றவர்களும் சிரித்தார்கள். "நல்லாக் கேட்ட போ! நம்ம கரையில வளர்ந்தவன் யாரு ஞானஸ்நானம் வாங்கினான்? நாம என்ன நேத்தா வந்தோம்? நம்ம பாட்டன் பூட்டன்லாம் நானூறு வருசத்துக்கு முந்தி மொத்த ஊரா ஒரே நாள்ல கடல்ல இறங்கி வாங்கினவங்கல்லா. அதுக்குன்னு ஒரு புத்தகம் மேலிடத்துலருந்து குடுத்திருந்தாங்க, பேருக்கு. திறந்ததுகூட இல்ல."

"எங்க அது?"

ரெமிஜி யோசித்தார். யோசித்து யோசித்து, கடைசியில் கையைக் கீழே நீட்டினார். பீரோவின் இடது பின்காலுக்கு அடியில், ஆட்டம் நிற்பதற்காக முட்டுக்கொடுத்து, மெல்லிசாய் ஒரு கறுப்பு அட்டை தெரிந்தது. எங்கள் ஊர்ப் பெருமையைத் தாங்கிக்கொண்டு எத்தனை வருசம் கிடந்ததோ! அந்தப் பீரோவைத் தூக்க நாலு ஆள் வேண்டும். லாரன்ஸ் மச்சாது ஒரு கணம் வேனைப் பார்த்தார், கசிந்தா மடியில் அழுகிற புத்தகத்தைப் பார்த்தார், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "பிடிங்கலே" என்று தானே முதல் ஆளாய்த் தோள் கொடுத்தார். தெக்லா குனிந்து புத்தகத்தை உருவினாள்.

மொத்தப் புத்தகத்துக்கும் ஒரே ஒரு பேர்தான். முதல் பக்கம், முதல் வரி. ரெமிஜி வாசித்தார். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்துமூணு, ஜூலை இருபத்திரண்டு. பேச்சி என்பவள். விதவை. வயசு இருபது இருக்கும். உப்பளத்துல வேலை. மதலேனாள்னு பேர் வச்சு..."

"அஞ்சு நாள்," என்றாள் தெக்லா. "அப்பா படியில கிடந்ததுக்கு அஞ்சு நாள் முந்தி."

 கிளாரன்ஸ் சாமி பெட்டியில் அடுக்கிய மரணப் புத்தகத்தைத் தேடி இழுத்து, ஜூலையைப் புரட்டினார். அந்த வாரம் ஊரில் காலரா. இருபத்தாறாம் தேதி ஒரே நாளில் ஏழு அடக்கம், ஞானஸ்நானம் கொடுத்த சாமியாரும் அந்த ஏழில் ஒருவர். மறுநாள் காலையில் பக்கத்துப் பங்கிலிருந்து அவசரமாய் வந்து கதவு திறந்தவர் ஊருக்குப் புதியவர். அவர் கையெழுத்தில் இருபத்தேழாம் தேதிக்கு ஒரே வரி. அதைச் சாமி இரண்டு தரம் வாசித்தார். "உப்பளத்துப் பெண். பேர் தெரியவில்லை. பிரசவத்தில்."



"போட்டுட்டுப் போகலை அப்பா," என்றாள் தெக்லா.  "செத்துட்டாப்பா. கூட வேலை பார்த்தவங்க யாரோ, அவ ஞானஸ்நானம் வாங்கின இடம்னு இங்க கொண்டுவந்து சேர்த்திருக்காங்க. போட்டுட்டுப் போகலை."

 பந்தலியோன் ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு, மைக்கறை பட்ட விரலைத் தானே நீட்டி, அந்த ஒற்றை வரியில் வைத்தார்.

எல்லாரும் பிள்ளை அழும் என்று காத்திருந்தார்கள். அழவில்லை. மூச்சு நேரம் கழிந்தது, இன்னொரு மூச்சு நேரம் கழிந்தது, கசிந்தா உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்போது புத்தகத்துக்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு ஒரு பெண், சின்ன வயசுப் பெண், வெயிலில் நடந்து வந்த களைப்பு குரலில் தெரிய, யாரோ கேட்பதற்குப் பதில் சொல்பவள் போல விட்டு விட்டுப் பேசினாள்.

"பேச்சி, சாமி."

"உப்பளத்துல."

"இல்ல சாமி, அவரு சித்திரையிலயே தவறிட்டாரு."

"ஆமா சாமி, மனசாரத்தான் கேக்கேன்."

தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. "யம்மாடி, என்ன குளுரு!" என்று அவள் சிரித்தாள், வாய்விட்டு, கோயில் என்றும் பாராமல். சிரித்து முடித்து அவசரமாய்ச் சொன்னாள்: "சாமி, சாமி, செம்பை வச்சிராதீங்க. வயித்துலயும் ஒரு கை ஊத்துங்க. கேட்டுக் கேட்டு வாங்கின பிள்ளை சாமி இது. எனக்குன்னு இருக்கது இது ஒண்ணுதான். இதுக்கு ஒரு குறையும் வந்துரப்படாது."

மறுபடி தண்ணீர் விழுகிற சத்தம். அவ்வளவுதான்.

தெக்லா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், கிளாரன்ஸ் சாமி அங்கியால் முகத்தைத் துடைத்தார், சன்னலுக்கு வெளியே ஊரே விம்மியது. பந்தலியோன் மட்டும் அழவில்லை. எண்பத்தொரு வயது முகம் அப்படியே மலர்ந்துபோய் இருந்தது, ஏதோ ஏலத்தில் ஊரையே வாங்கிவிட்டவர் போல. கசிந்தா மடியில் இருந்த புத்தகத்தின் பக்கம் திரும்பி, கூட்டத்தில் ஒருவர் விடாமல் காதில் விழும்படி, வாழ்க்கையில் முதல்தடவையாகக் குரலை உயர்த்திச் சொன்னார்.

"பேச்சி மகன் பந்தலியோன்."

பிள்ளை அடங்கியது. பத்தொன்பது நாள் அழுகைக்குப் பிறகு ஊருக்கு அலைச்சத்தம் புதிதாகக் கேட்டது.

"சாமி," என்றார் பந்தலியோன், கண்ணைச் சிமிட்டிக்கொண்டு. "எனக்கு ரெண்டு தடவை ஞானஸ்நானத் தண்ணி ஊத்தியிருக்காங்க. உங்க சட்டத்துல அது தப்பாச்சே?"

"தப்புதான் தாத்தா," என்றார் கிளாரன்ஸ் சாமி. மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேனாவைத் திறந்தார், நாற்பத்துமூன்றாம் வருசத்துப் புத்தகத்தை எடுத்து, பெற்றோர் அறியேன் என்று இருந்த இடத்துக்குப் பக்கத்தில், ஓரத்தில், தாயின் பேரை எழுதினார். எழுதியதை ரெமிஜி சத்தமாக வாசித்தார். வாசலில் நின்ற இளவட்டங்கள் ஓடிப்போய்க் கோயில் மணியை அடித்தார்கள், யாரும் அடிக்கச் சொல்லவில்லை.

வெளியே வேன்காரன் ஹாரன் அடித்தான். ஒருதரம் அடித்தான், இரண்டுதரம் அடித்தான். பந்தலியோன் கறுப்பு அட்டைப் புத்தகத்தின் முன்னால் மறுபடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த வரியில் விரலை வைத்துவிட்டுக் காதைத் தாழ்த்தினார். தெக்லா அவர் தோளில் கைவைத்து நின்றாள். மூன்றாவது ஹாரனுக்கு லாரன்ஸ் மச்சாது விறுவிறுவென்று வெளியே போனார்.

"வண்டியை எடுத்துட்டுப் போயிருப்பா," என்றார். "புத்தகம் இன்னைக்கு வராது. பெரியவரு அவங்கம்மாகிட்டப் பேசிக்கிட்டிருக்காரு."